மதராஸ்பட்டினத்துக் குளவி

மயிலாப்பூரில் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் இன்னும் இடிபடாமல் நிற்கும் பழைய வீடுகளில் ஒன்றினுள் நுழைந்து, ரேழியைக் கடந்து, முற்றத்தைச் சூழ்ந்த தாழ்வாரத்தில் வரிசையாக மாட்டியிருக்கும் சுவாமி படங்களில் எதையேனும் சுவரிலிருந்து சற்று விலக்கிப் பின்புறத்தைப் பார்த்தால், ஓர் அங்குலத்துக்குச் சிறிது மேற்பட்ட நீளமுள்ள மண்குழல்கள் நாலைந்து, ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டி, மேலே பொதுவான ஒரு மண்பூச்சும் பெற்று இருப்பதைப் பல இடங்களில் காணலாம். இவற்றைக் கட்டுகிற குளவி கருத்த உடலும், மஞ்சளும் கறுப்பும் கலந்த நீண்ட கால்களும், இற்றுவிடுமோ என்று அஞ்சத்தக்க மெல்லிய இடையும் உடையது. குளத்தங்கரையிலோ கிணற்றடியிலோ ஈரமண்ணை உருட்டி வாயில் கவ்விக்கொண்டு வந்து, படத்தின் பின்னே புகுந்து, அந்த உருண்டையைக் குழலின் விளிம்பில் வைத்து இழுத்து ஒரு வளையமாகத் தடவுகிறது. தடவும் அந்த ஒரு கணத்தில் மாத்திரம் அதனிடமிருந்து உச்சஸ்தாயியில் ஒரு ரீங்காரம் எழும். அந்த அதிர்வினாலேயே மண் இளகிச் சமமாகப் படிகிறது. தாழ்வாரத்தில் ஊஞ்சலில் அமர்ந்திருப்பவர் கண்ணால் பாராமலே, குளவி இப்போது வேலை செய்கிறது, இப்போது மண்ணுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிடக்கூடிய அளவுக்கு அந்த ஒலி தெளிவானது.

வீட்டில் குளவி கூடு கட்டினால் அவ்வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. ஆகவே புது மருமகள் வந்திருக்கும் வீட்டில் அலமாரியின் சாவித் துவாரத்தையே குளவி மண்ணால் அடைத்துவிட்டாலும், “இருக்கட்டும், அதைக் கலைக்காதே” என்று பாட்டிமார்கள் தடுத்துவிடுவார்கள். குஞ்சு வெளியேறிப்போன பழைய கூட்டின் மண்ணைப் பெயர்த்து வைத்திருந்து, தண்ணீரில் குழைத்து வீக்கத்துக்குப் பற்றுப் போடுவதும் உண்டு. நம்பிக்கையின் மெய்ம்மை எப்படியிருந்தபோதிலும், அதன் பயனாக விளைந்த ஒரு நன்மையை நான் பெரிதாக மதிக்கிறேன். மனிதரும் இந்தக் கொடுக்குள்ள ஜந்துவும் ஒரே உத்தரத்தின்கீழ் விரோதமின்றி வாழ்ந்து வந்தமையால், எது கொட்டும், எது கொட்டாது, எது எப்போது கோபம் கொள்ளும் என்ற அறிவு, புஸ்தகத்தின் உதவியின்றியே குழந்தைகளுக்குக்கூடச் சித்தித்திருந்தது. அந்த அறிவு இந்நகரத்தில் எவ்வாறு திரண்டது, எவ்வாறு தேய்ந்தது என்பதே நான் இங்கே சொல்ல விரும்பும் விருத்தாந்தம்.

முதலில் ஒரு விசேஷச் செய்தி. மேலே சொன்ன மண்குளவிக்கு உலக விஞ்ஞானிகள் வழங்கும் லத்தீன் பெயர் ‘ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம்’ என்பது. டென்மார்க் அரசின் ஆட்சிக்குட்பட்ட பிரதேசத்தில் பிறந்து, இயற்கை விஞ்ஞானி லின்னேயஸிடம் பாடம் கேட்டு, பூச்சி சாஸ்திரத்துக்கு அடிப்படை வகுத்தவர்களுள் ஒருவராக விளங்கிய யோஹான் கிறிஸ்டியன் ஃபப்ரீஷியஸ் 1781-ஆம் வருஷத்தில் இக்குளவியை வர்ணித்து நம் ஊரின் பெயரை அதற்குச் சூட்டினார். ஹைதர் அலியின் குதிரைப் படை ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகப் பிரதேசமெங்கும் கிராமங்களைக் கலக்கிக்கொண்டிருக்க, கோட்டைக்குள் இருந்த கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், பீதியில் ஆழ்ந்திருந்த காலம் அது.

அந்நாளில் தமிழ்நாட்டுப் பூச்சிகள் ஐரோப்பாவை அடைந்த மார்க்கம் பெரும்பாலும் தரங்கம்பாடி வழியாகவே இருந்தது. டேனிஷ் மிஷனுக்கு வைத்தியராக 1768-இல் அங்கு வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவரும் லின்னேயஸின் சிஷ்யரே. பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், அதன்பின் சென்னையில் கும்பினியாரிடமும் உத்தியோகம் பார்த்த அவர், 1785-இல் காலமாகும்வரை, செடிகொடிகளையும் பூச்சிகளையும் சேகரித்து மேல்நாட்டுப் பண்டிதர்களுக்கு அனுப்பி வந்தார். அவர் அனுப்பியவற்றுள் பலவற்றுக்கு ஃபப்ரீஷியஸ் பெயரிட்டார். நம் மரக்கிளைகளில் உள்ளங்கையளவு அடை கட்டுகிற கொம்புத் தேனீ, பெட்டியில் வைத்து வளர்க்கப்படும் அடுக்குத் தேனீ, கோபுரங்களில் தொங்கும் மலைத்தேனீ ஆகிய மூன்றுக்குமே விஞ்ஞானப் பெயரிட்டவர் அவர்தாம்: கொம்புத் தேனீக்கு 1787-இல், மலைத்தேனீக்கு 1793-இல், அடுக்குத் தேனீக்கு 1798-இல்.

ஆனால் பெயரிடுவது வேறு, சுபாவத்தை அறிவது வேறு. குளவியின் சுபாவத்தை நம் முன்னோர் எவ்வளவு கூர்ந்து கவனித்தார்கள் என்பதற்கு வேதாந்திகளும் சைவ சித்தாந்திகளும் எடுத்தாளும் பிரமர கீட நியாயமே சாட்சி. குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டில் அடைத்துக் கொட்டிக் கொட்டி வளர்க்கிறது. இடைவிடாது குளவியையே நினைத்த அப்புழு கடைசியில் குளவியாகவே வெளிப்படுகிறது. அதுபோல இறைவனை இடையறாது நினைக்கும் ஜீவன் அவன் தன்மையை எய்தும் என்பது அந்த நியாயம். புழு உள்ளே போவதையும், சில வாரங்கள் கழித்துக் குளவி வெளியே வருவதையும் அவர்கள் பொய்யாகக் காணவில்லை. கூட்டினுள்ளே இருக்கும் எள்முனையளவான முட்டை ஒன்று மாத்திரமே அவர்கள் பார்வைக்குத் தப்பிவிட்டது. முட்டையிலிருந்து வெளிவரும் குளவிக் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, கூட்டினுள்ளேயே உருமாறி, சுவரைக் கடித்துத் துளையிட்டுக்கொண்டு பறந்துவிடுகிறது. மதராஸ்பட்டினத்துக் குளவி புழுவைக்கூடக் கொணர்வதில்லை. ஒரு குழலுக்குப் பத்துப் பன்னிரண்டு என்று சிலந்திகளைத்தான் கொண்டுவந்து அடைக்கிறது. புழுவைத் தேடுவது குடம்போலக் கூடு வனையும் வேறு ஜாதிக் குளவிகள்.

அடைபட்ட இரை பல நாள் சென்றும் ஏன் அழுகுவதில்லை என்ற கேள்வி மேல்நாட்டாரையும் வருத்திற்று. லியோன் துஃபூர் என்ற பிரெஞ்சுப் பண்டிதர், குளவியின் விஷத்தில் பிரேதத்தைக் கெடாமல் வைக்கும் சக்தி இருக்கிறது என்று எண்ணினார். பள்ளிக்கூட உபாத்தியாயராக ஜீவனம் நடத்திய ழான் ஆன்ரி ஃபாபர் 1855-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரை சாகவேயில்லை, நரம்பு மையங்களில் கொட்டப்பட்டு அசைவை மாத்திரம் இழந்திருக்கிறது என்று விளக்கினார். நம்மவர் சொன்ன ‘கொட்டிக் கொட்டி’ என்பதன் உட்பொருள் இங்கேதான் இருக்கிறது. தனித்து வாழும் குளவியின் கொடுக்கு, குழந்தைக்கு உணவு சேமிக்கும் கருவி. பகைவரை விரட்டும் ஆயுதமாகக் குளவி அதைக் கொள்வது மிக அபூர்வம். ஆதலால்தான் படத்தின் பின்னே கூடு கட்டும் குளவிக்கு அருகே விளக்கேற்றிப் பூச்சாற்றும் பெண்கள் அதனால் துன்புறுவதில்லை. அதைக் கையால் பிடித்து நசுக்கினாலன்றி அது கொட்டாது; கொட்டினாலும் வலி அற்பமே. பூச்சிகளின் கொட்டுதலால் உண்டாகும் வலியைத் தம் உடம்பிலேயே அநுபவித்து அளவுகோல் வகுத்த அமெரிக்கர் ஜஸ்டின் ஷ்மிட், நான்கு படிகள் கொண்ட அந்த அளவுகோலில் தேனீக்கு இரண்டாம் படியைக் கொடுத்து, இந்த மண்குளவி இனத்தை முதற்படியில் வைத்திருக்கிறார்.

பழைய வீடுகளின் சமையற்கட்டில் இதைவிட அற்புதமான காட்சி ஒன்றைக் காணலாம். மரகதப் பச்சையாக மின்னும் ஒல்லியான குளவி ஒன்று, தன்னைப்போல் இரண்டு மடங்கு பருத்த கரப்பானை, மாட்டை மூக்கணாங்கயிற்றில் பிடித்து நடத்துவதைப் போல மீசையைப் பற்றி நடத்திக்கொண்டு, தரையோரமாகப் பின்னோக்கி நடந்து செல்லும். முதலில் மார்பில் ஒரு கொட்டு. கரப்பானின் முன்கால்கள் சிறிது நேரம் ஓய்ந்துவிடுகின்றன. அந்த அவகாசத்தில் கழுத்தின் வழியாக மூளையிலேயே இரண்டாவது கொட்டு. அதன்பின் கரப்பானுக்கு நடக்கும் சக்தி இருந்தும் நடக்கும் இச்சை அற்றுப்போகிறது. மீசையின் பாதியைக் கத்தரித்து அதில் கசியும் திரவத்தைக் குளவி அருந்திவிட்டு, ஏதேனும் ஒரு பொந்துக்குள் கரப்பானை அழைத்துப் போய், காலில் ஒரு முட்டையிட்டு, வாசலைக் குப்பையால் மூடிவிட்டுப் போய்விடும். கரப்பான் மருந்துக்கு மாதந்தோறும் பணம் செலவிடும் குடும்பத்தார் இக்குளவியைத் துடைப்பத்தால் அடித்துக் கொல்வதைக் காணும்போது எனக்கு மெய்யாகவே துக்கம் உண்டாகிறது.

மண்குளவிக்கு வேண்டியவை ஈரமண்ணும் சிலந்தியும் மழைபடாத மூலையும் என்ற மூன்றே. இந்த மூன்றும் ஒரு காலத்தில் இந்நகரத்தின் தென்பகுதியில் குறைவின்றிக் கிடைத்தன. இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நெருங்கி நிற்கும் தியாகராய நகர் இருக்குமிடத்தில், நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்ட ஏரி ஒன்று கிடந்தது. வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தினார்கள். 1920-களில் வீட்டு மனைகளுக்காக அந்த ஏரியை வற்றச் செய்து, பனகல் பூங்காவை நடுவே வைத்து வீதிகளை வகுத்து, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரை அந்த நகருக்கு இட்டார்கள். ஏரிக்கரையும் வண்டலும் போயின. ஆயினும் அக்காலத்து மனைகளில் கிணறும், தோட்டத்துக்கு நீர் பாயும் வாய்க்காலும், மாமரமும், வராந்தாவும் இருந்தமையால் குளவிக்கு வாழ்வு போய்விடவில்லை. மனைகள் அடுக்குமாடிகளாகி, தரை முழுவதும் சிமெண்டுக் கல் பதிக்கப்பட்ட பிறகே, ஓர் உருண்டை ஈரமண்ணுக்காக அது நெடுந்தூரம் பறக்க நேர்ந்தது. கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளமும் சித்திரக்குளமும் இருக்கும் புண்ணியத்தால் மயிலாப்பூரில் மாத்திரம் அதற்கு இன்னும் ஓரளவு சௌகரியம் இருக்கிறது.

மரங்களில் வாழும் கொடுக்குள்ள பிராணிகளின் கதை வேறு. கும்பினியாரின் சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்த டி. சி. ஜெர்டன், பறவைகளைப் பற்றிய நூல்களால் புகழ் பெற்றவர். அவர் தென்னிந்திய எறும்புகளுக்கு ஒரு ஜாபிதா தயாரித்து, சென்னை இலக்கியச் சங்கத்தின் பத்திரிகையில் 1851-இல் வெளியிட்டார். தலையும் வயிறும் கறுத்து, நடுவுடல் மாத்திரம் துருவேறிய இரும்பின் நிறமாக, மரப்பட்டையின்மேல் தனியே விரைந்து திரியும் நீண்ட எறும்பு ஒன்றை அதில் அவர் வர்ணித்திருக்கிறார். அடையாற்றுத் தோப்புகளிலும் கிண்டிக் காட்டை ஒட்டிய சாலைகளிலும் மரத்தில் சாய்ந்து நிற்பவர்கள் திடீரென்று துள்ளுவது பெரும்பாலும் இதனால்தான். இதற்கு மெய்யான கொடுக்கு உண்டு. குளவி கொட்டினாற்போலவே கடுக்கும். இலைகளைத் தைத்துப் பந்துபோலக் கூடு கட்டும் முசுறுக்கோ கொடுக்கே கிடையாது; அது கடித்த வாயில் வயிற்றை வளைத்து அமிலத்தைப் பீச்சுகிறது. மாங்காய் பறிக்க ஏறுகிறவர்கள் உடம்பில் சாம்பல் பூசிக்கொண்டு ஏறும் வழக்கம் இதற்காக ஏற்பட்டதே.

ஜெர்டனுக்குப் பின் சி. டி. பிங்ஹாம் என்பவர் இந்தியாவின் குளவிகளையும் தேனீக்களையும் 1897-இலும், எறும்புகளை 1903-இலும் பெரிய நூல்களாகத் தொகுத்தார். சென்னை அரசாங்க அச்சுக்கூடத்திலிருந்து 1914-இல் ஃப்ளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலும், 1940-இல் டி. வி. ராமகிருஷ்ண ஐயரின் கைந்நூலும் வெளிவந்தன. சென்னையில் 1961 முதல் நடந்துவரும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இந்தப் பணியின் தொடர்ச்சி. இவை யாவும் ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. தாழ்வாரத்து அறிவும் இந்த நூலறிவும் ஒன்றையொன்று சந்திக்கும் சந்தர்ப்பம் மிகக் குறைவாகவே வாய்த்தது என்பது என் அபிப்பிராயம்.

தனித்து வாழ்பவற்றை விட்டுக் கூடி வாழ்பவற்றுக்கு வந்தால் கொடுக்கின் தர்மமே மாறிவிடுகிறது. ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடின் அடியிலும் காகிதப்பூக் கொடியிலும் சிறு காம்பு ஒன்றில், கவிழ்ந்த தாமரைக்காய்போல் தொங்கும் கூடு, மரநாரை மென்று கூழாக்கிச் செய்த காகிதத்தால் ஆனது. அதில் இருபது முப்பது குளவிகள் இருக்கும். அறைகளில் புழுக்கள் திறந்த வாயோடு கிடக்கின்றன. அவற்றைக் காக்க வேண்டிய தேவை இருக்கிறது. ஆகவே கூட்டைத் தட்டினால் உடனே கொட்டும், ஒரே குளவி பலமுறையும் கொட்டும். ஆனால் கூட்டை அசைக்காதவரை, அவை நாள்தோறும் நம் தலைக்கு மேலே பறந்தாலும் நம்மைப் பொருட்படுத்துவதில்லை. இந்த இனத்தின் ஒரு வகையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர் ராகவேந்திர கடக்கர், கூட்டத்தில் ராணியாயிருப்பது பெரும்பாலும் மிகச் சாதுவான குளவியே என்று கண்டது வியக்கத்தக்கது. இக்கூடுகளின்மேல் படையெடுத்துப் புழுக்களைக் கொண்டு போவது, வயிற்றில் மஞ்சள் பட்டை போட்ட பெரிய கதண்டு. அதன் கூட்டுக்கு அருகே போவது ஆபத்து. காவிரிப் பாய்ச்சல் நிலங்களில் வேலை செய்வோர் அதன் பெயரைக் கேட்டாலே நடுங்குவது காரணமில்லாமல் அல்ல.

எல்லாவற்றிலும் இன்றைய சென்னையை அதிகமாக அச்சுறுத்துவது மலைத்தேனீ. மலைமுகட்டிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றை அடையை வெட்டவெளியில் தொங்கவிடும் இத்தேனீக்குக் கோயில் கோபுரம் ஒரு மலைமுகடாகத் தோன்றிற்று. அடுக்குமாடி வீடுகளும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளும் பெருகியபின் நகரமே மலைத்தொடராகிவிட்டது. மண்குளவிக்கு இடமில்லாமற் செய்த அதே கட்டடங்கள் மலைத்தேனீயை வரவேற்றன. ஒரு கஜத்துக்கு மேற்பட்ட அகலமுள்ள அந்த அடையின்மேல் ஆயிரக்கணக்கான தேனீக்கள் பல அடுக்குத் திரையாக மூடிக்கொண்டு அசைவற்றிருக்கும். அருகே கதண்டு ஒன்று வட்டமிட்டால், தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வயிற்றைத் தூக்கித் தாழ்த்த, கரும்பட்டில் காற்று வீசினாற்போல ஓர் அலை இமைப்பொழுதில் அடை முழுவதும் ஓடிவிடும். இந்த எச்சரிக்கையோடு அவை நிற்பதுதான் வழக்கம். கல்லெறியும், வாணவெடியும், யாகப் புகையும், அருகே பறக்கும் பருந்தும் அவற்றை அதற்கு மேலே தூண்டிவிடும்போதே அனர்த்தம் விளைகிறது.

ஒரு தேனீ கொட்டியவுடன் அந்த இடத்தில் கனிந்த வாழைப்பழத்தின் மணம் போன்ற ஒரு வாசனை எழும். இது மற்றத் தேனீக்களை அழைக்கும் அபாயச் செய்தி என்பதை 1962-இல் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள். கொட்டிய கொடுக்கில் முட்கள் இருப்பதால் அது நம் தோலிலேயே தங்கி, விஷப்பையோடு சேர்ந்து துடித்து, மேலும் மேலும் விஷத்தைச் செலுத்திக்கொண்டிருக்கும். எவ்விதமாயினும் அதை உடனே அகற்றிவிட வேண்டும். ஒற்றைத் தேனீ முகத்தருகே வந்தால் கையை வீசாமல் நிற்பது முறை. கூட்டமே கிளம்பிவிட்டால் நிற்பது மதியீனம், முகத்தை மூடிக்கொண்டு ஓடி ஓர் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்த வேண்டும். இந்தப் பேதத்தை அறியாமல் அங்கேயே நின்று துண்டால் அடிப்பவர்களே மிகுதியாகத் துன்புறுகிறார்கள்.

கொட்டின இடத்தில் சுண்ணாம்பு தடவுவது நம் வீடுகளில் கைகண்ட வைத்தியமாகக் கருதப்பட்டு வந்தது. விஷம் அமிலம், சுண்ணாம்பு அதற்கு மாற்று என்ற சமாதானமும் பிற்காலத்தில் சொல்லப்பட்டது. விஷம் தோலுக்குள்ளே போய்விடுவதாலும், தேனீ விஷத்தின் பிரதான வஸ்து அமிலமல்லாத ஒரு புரதப்பொருளாதலாலும் இதில் பலன் அதிகம் இல்லை. குளிர்ந்த நீரோ பனிக்கட்டியோ இதமளிக்கும். ஆனால் ஒரு சிலருக்கு ஒரே கொட்டும் பிராணாபத்தாக முடியும். உடல் முழுவதும் தடிப்பு, நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகிய இந்த விபரீதத்தை 1902-இல் பிரெஞ்சு நாட்டு ரிஷே, போர்ட்டியே என்ற இருவர் ஆராய்ந்து விளக்கினர். ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த அறிகுறிகள் தோன்றினால் சுண்ணாம்பையோ வெங்காயத்தையோ தேடிக் காலத்தைப் போக்காமல், அட்ரினலின் ஊசி போடக்கூடிய ஆஸ்பத்திரிக்கு அந்தக் கணமே கொண்டுசெல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான தேனீக்கள் கொட்டிய மனிதர் எழுந்து நடமாடினாலும் அவரையும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது அவசியம். இரண்டொரு நாள் சென்றபின் சிறுநீரகம் கெடுவது உண்டு.

இப்போது அடையாற்றிலும் தியாகராய நகரிலும் குடியிருப்புச் சங்கத்தார், பால்கனியில் மலைத்தேனீ வந்து அடை வைத்த மறுநாளே ஆளை அழைத்து, இரவில் தீப்பந்தத்தால் கொளுத்திவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான ஜீவன்கள் கருகி விழுகின்றன; தப்பியவை விளக்கை நாடி வீடுகளுக்குள் புகுந்து கொட்டுகின்றன. அடுக்குத் தேனீக்களுக்கு 1990-களின் தொடக்கத்தில் வந்த புழுநோய் தென்னிந்தியாவில் ஆயிரமாயிரம் பெட்டிகளை வெறுமையாக்கிவிட்ட கதையை அறிந்தவர்கள், எஞ்சியிருக்கும் இனங்களை இப்படி எரிப்பதற்கு மனம் துணியமாட்டார்கள். மலைத்தேனீ நிரந்தரமாகத் தங்கும் சுபாவமுடையதன்று. பூப்பருவம் மாறியதும் கூட்டத்தோடு வேறிடம் போய்விடும். அஸ்ஸாமில் நடத்தி 2000-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, அவ்வாறு போன கூட்டங்கள் அடுத்த பருவத்தில் தாம் விட்டுச்சென்ற இடத்துக்கே திரும்பி வருவதைக் காட்டியிருக்கிறது. எனவே அடை இருக்கும் பக்கத்து ஜன்னலை மூடி, இரவில் அப்பக்கத்து விளக்கை அணைத்து, குழந்தைகளைக் கல்லெறியாமல் தடுத்துக்கொண்டு சில மாதங்கள் பொறுத்திருந்தால், தேனீக்கள் தாமே அகன்றபின் வெறும் மெழுகாகத் தொங்கும் அடையைப் பட்டப்பகலில் ஏணி வைத்து எடுத்துவிடலாம். அந்த இடத்தில் மறுபடியும் அவை தங்கலாகாது என்று கருதுகிறவர்கள் கம்பிவலை அடிப்பதற்கும் அதுவே தக்க சமயம்.